பாதியில் நின்ற பனிப்பெட்டி

அப்போது நான் தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தேன். தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வண்டிகள் வருவதையும் போவதையும் பார்த்து, விசில் ஊதி, மைக்கில் கூப்பிடுகிற வேலை. கடையம், சிவகிரி, செங்கோட்டை, சுந்தரபாண்டியபுரம் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வந்த பிறகும் என் பேச்சு அந்த இழுவையிலேயே இருக்கும். என் மனைவி பால்வாடி டீச்சர். அவளும் பகலெல்லாம் கத்துகிறவள்தான். ஆனாலும் வீட்டில் பேசுவது அவள் மட்டும்தான். நான் "ம்" போடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எண்பதுகளின் தொடக்க வருஷங்கள் அவை.

அவள் கழுத்தில் ஒரு கழலை இருந்தது. முதலில் எலந்தப்பழம் மாதிரி இருந்தது பெரிதாகி, விழுங்கும்போது இடிக்க ஆரம்பித்ததும் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தை மாசத்தில் ஆபரேஷன் நடந்தது. கழலையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அது குரலுக்குப் போகிற நரம்புகளோடு ஒட்டிப் படர்ந்திருந்ததாம். எவ்வளவு பார்த்துப் பிரித்தும் இரண்டு பக்க நரம்பும் அசந்துவிட்டது, மூச்சுப் போகிற வழி ஒடுங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதனால் கழுத்தில் துளை போட்டு ஒரு வெள்ளை உலோகக் குழாய் வைத்திருந்தார்கள். இனி மூச்சு அதன் வழியாகத்தான்.

"நரம்பு திரும்பவும் வேலை செய்யலாம். சில மாசம் ஆகும். செய்யாமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

நான் அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு நீலப் பூ இருந்தது. அந்தப் பூ எப்படிக் கண்ணாடிக்குள் போனது என்று யோசித்தது நினைவிருக்கிறது. வேறு எதுவும் தோன்றவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். உள்குழாயை உருவி, ஆப்பசோடா கலந்த வெந்நீரில் கழுவி, திரும்ப வைக்க வேண்டும். குழாய் வாயில் ஈரத் துணி போட்டிருக்க வேண்டும். இப்போதைக்கு விரலால் அடைத்துக்கொண்டு பேச முயலக் கூடாது. முக்கியமாக, அவள் இருக்கிற அறையில் காற்று காயவே கூடாது. மூக்கு வழியாகப் போகிற காற்றை மூக்கு நனைத்து அனுப்பும், குழாய்க்கு அந்த வேலை தெரியாது. காய்ந்த காற்று போனால் சளி உள்ளே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

கடையத்திலிருந்து அவளுடைய அக்கா வந்து எங்களோடு தங்கினாள். நான் மதினி என்று கூப்பிடுவேன். சமையல் மதினிக்கு, குழாய் கழுவுவது எனக்கு. டூட்டி இருக்கிற நேரத்தில் அதையும் மதினி பார்த்துக்கொண்டாள். என் மனைவிக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு எவர்சில்வர் தம்ளரும் ஸ்பூனும் வைத்திருந்தோம். வேண்டுமென்றால் தட்டுவாள். நாங்கள் போய் நின்று அவள் உதட்டைப் பார்ப்போம்.

பஸ் ஸ்டாண்டில் டிரைவர், கண்டக்டர் எல்லாரும் விசாரித்தார்கள். "வீட்ல எப்படி இருக்காவ அண்ணாச்சி?" "இருக்கா. குழாய் வச்சிருக்கு. ஆறு மாசம் பாக்கணும்னு சொல்லுதாங்க." எல்லாருக்கும் ஒரே வாக்கியம், ஒரே குரல். அடுத்த வண்டி எப்போது என்று கேட்டால் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

மாசி போய்ப் பங்குனி பிறந்ததும் காற்று காய்ந்தது. காலையில் உலர்த்திய துணி, காப்பி குடித்து முடிப்பதற்குள் மொரமொரப்பாகிவிடும். அவள் கழுத்தில் போட்ட ஈரத் துணியும் அப்படியே. அறைக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்க வைத்துப் பார்த்தோம். ஸ்டவ் வாடை அவளுக்கு இருமலைக் கொண்டுவந்தது. ஈரச் சேலைகளைக் கொடியில் தொங்கவிட்டோம். போதவில்லை.

என் மைத்துனர், அவளுக்கு அண்ணன், சிங்கப்பூரில் வேலை பார்த்தார். விஷயம் கேள்விப்பட்டு, ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு மெஷின் கொடுத்துவிட்டார். வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி. மேலே தண்ணீர்த் தொட்டி, முன்னால் திருகுகிற ஒரு குமிழ், உச்சியில் ஒரு மூக்கு. கொண்டுவந்தவர் அறைக் காற்றை ஈரமாக்குகிற "ஹியூமிடிஃபையர்" என்று சொல்லிக் கொடுத்தார். மதினிக்கு அது வாயில் நுழையவில்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டதும், மூக்கிலிருந்து மார்கழி விடியற்காலைப் பனி மாதிரி வெள்ளையாக வந்தது. சூடு இல்லை, சில்லென்று இருந்தது. "பனியில்லா அடிக்கி!" என்றாள் மதினி. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் பனிப்பெட்டிதான்.

கட்டிலுக்குக் கால்மாட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலையில், டிரங்குப் பெட்டி மேல் அதை வைத்தேன். ஈரம் வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தினேன். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். குழாயில் வருகிற கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினேன். செருப்பைப் போடும்போது உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். திரும்பப் போய்ப் பார்த்தால் மெஷின் நின்றிருந்தது.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கரண்ட் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி மறுபடியும் சொருகினேன். ஓடவில்லை. குமிழை முழுக்கத் திருப்பினேன். ஓடியது. சரி என்று போனேன். மத்தியானம் வந்தபோது மதினி வாசலிலேயே சொன்னாள்.

"தம்பி, நீங்க அங்கிட்டுப் போனிய, அது இங்கிட்டு நின்னுட்டு."

இப்படியே ஆயிற்று. ஓடும், நிற்கும். சில சமயம் தானாகவே மறுபடியும் ஓடும். எதற்காக நிற்கிறது, எதற்காக ஓடுகிறது என்று புரியவில்லை. பக்கத்து வீட்டில் சிலோன் டிவி பார்ப்பதற்காக ஒரு ஸ்டெபிலைசர் வைத்திருந்தார்கள். வோல்டேஜ் குறைவாக இருக்கலாம் என்று அதை இரவல் வாங்கி மாட்டினேன். அப்போதும் "டக்".

பெட்டியைத் துண்டில் சுற்றி, ரதவீதிப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சி திறந்து பார்த்தார். மோட்டாரைச் சுற்றிவிட்டார், ஒயர்களை இழுத்துப் பார்த்தார். பின்பக்கத்தில் சன்னமான இடுக்குகளுக்குள்ளே ஒரு நாடா மாதிரி ஏதோ இழுத்துக் கட்டியிருந்தது. "இது சூட்டுக்கு நிக்கிற சாமான். இஸ்திரிப் பெட்டியில இருக்கும்லா, அது" என்றார். மூடி, தண்ணீர் ஊற்றி, கவுண்டர் மேல் வைத்து ஓடவிட்டார். அது ஓடியது. நான் டீ குடித்துவிட்டு வந்தும் ஓடியது. ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க, தொட்டி காலியாகிற வரைக்கும் ஓடியது.

"பாத்தியளா? மெஷின்ல கோளாறே இல்ல. உங்க வீட்டு லைன்லதான் ஏதோ இருக்கு."

வீட்டுக்குக் கொண்டுவந்து அதே மூலையில் வைத்தேன். வயர்மேனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்டை மாற்றினேன். பெட்டி அரைத் தொட்டிகூடக் காலியாகாமல் நின்றது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுபடியும் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் ஓடியது. திரும்பக் கொண்டுவந்தேன். வீட்டில் நின்றது. எனக்கு அந்த நடை பிடித்திருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. கையில் ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்குள் அவள் முகம் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது, மதினி அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். என் மனைவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். குழாயில் விசில் மாதிரி ஒரு சத்தம், நான் ஊதுகிற விசில் இல்லை, புல்லாங்குழல் ஓட்டையில் மண் அடைத்தால் வருகிற மாதிரி. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் தூங்கும்போது பெட்டி நின்றிருக்கிறது. மதினி சமையல்கட்டில் இருந்ததில் கவனிக்கவில்லை.

நான் கையைக் கழுவினேன். உள்குழாயின் பூட்டைத் திருப்பி உருவினேன். அதன் உட்புறம் முழுக்கக் காய்ந்த பிசின் மாதிரி பழுப்பாக அடைத்திருந்தது. நர்ஸ் சொல்லியிருந்தபடி, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் ரெண்டு சொட்டு வெளிக்குழாயில் விட்டேன். அவள் உடம்பே தூக்கிப்போடுகிற மாதிரி இருமினாள். ஒரு கட்டி வந்து என் சட்டையில் விழுந்தது. அதன் பிறகு காற்று போகிற சத்தம், அகலமாக, சுத்தமாக.

மதினி சுவரோடு சாய்ந்து அழுதாள். "என் கண்ணு முன்னாலேயே போயிருப்பாளே தம்பி. உங்களுக்குக் கை நடுங்கவே இல்லயே!"

உண்மைதான், நடுங்கவில்லை. குழாயைக் கழுவி வைத்துவிட்டு சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன். ரசம் என்று நினைத்து வெறும் வெந்நீரை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். மதினி பிறகு சொல்லித்தான் தெரியும்.

இது நடந்து சில நாள் கழித்து எனக்கு வார விடுமுறை. வெளிவாசலில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்து வைத்திருந்தேன். உள்ளே தம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. வழக்கமாக இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துவாள். அன்று நிறுத்தவில்லை. நான் ஓடினேன். மதினியும் கரண்டியோடு ஓடிவந்தாள்.

அவள் கட்டிலில் இல்லை. டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஓலை விசிறி. மெஷின் நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும், பாருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த இடுக்குகளை நோக்கி விசிற ஆரம்பித்தாள்.

"என்னட்டி செய்யுதே? அதுக்கு வேர்க்கவா செய்யுது?" என்றாள் மதினி.

அவள் விசிறிக்கொண்டே இருந்தாள். "டக்." மெஷின் ஓடியது. பனி வந்தது.

அவள் விசிறியைக் கீழே வைத்தாள். சுவரைக் காட்டினாள். மூக்கிலிருந்து வந்த பனி மேலே போய், பீரோவிலும் சுவரிலும் முட்டி, போக வழியில்லாமல் பெட்டிக்குப் பின்னால் சொட்டு சொட்டாக இறங்கியது. அந்த இடத்தில் சுண்ணாம்பு ஊறி உப்பியிருந்தது. கையை வைத்தேன். சொதசொதவென்று இருந்தது. பின்பக்க இடுக்குகளும் நனைந்திருந்தன. அவள் கொடியில் கிடந்த ஈரத் துணியை எடுத்து அந்த இடுக்குகளின் மேல் போட்டாள். கொஞ்ச நேரத்தில் "டக்", நின்றது. துணியை எடுத்து விசிறினாள். ஓடியது.

அப்புறம்தான் எனக்குப் பிடிபட்டது. அறையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் அந்த நாடா. போதுமான ஈரம் வந்ததும் மெஷினை நிறுத்திவிடும். நான் அதை மூலையில் முடக்கி வைத்ததால், அது விட்ட பனி அதன் மேலேயே திரும்பி வந்தது. தன்னைச் சுற்றி இருந்த ஈரத்தைப் பார்த்து அறை முழுக்க நனைந்துவிட்டது என்று நின்றுகொண்டது. அறையின் மற்ற பக்கமெல்லாம் காய்ந்து கிடந்தது. ரேடியோ கடை ரோட்டைப் பார்த்துத் திறந்த கடை. அங்கே ஈரம் தங்க வழியில்லை, அதனால் ஓடிக்கொண்டே இருந்தது.

நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு இது தெரிந்திருக்கிறது. ஸ்டூலைக் கொண்டுவந்து அறையின் நடுவில் போட்டேன். அவள் இன்னும் தள்ளுங்கள் என்றாள், அப்புறம் கொஞ்சம் திருப்புங்கள் என்றாள், எல்லாம் கையால். பின்பக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி வைத்து, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவிட்டோம். மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, மெஷின் நிற்கிறதா என்று பார்த்தோம். நிற்கவில்லை. மதினி அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தோம். "சவத்து மெஷின், என் குழம்பையும் தின்னுட்டு" என்று மதினி ஓடினாள். என் மனைவி சிரித்தாள். சத்தமே இல்லை. குழாய் வாயில் போட்ட துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அது சிரிப்புதான் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

சித்திரையில் மறுபடியும் ஒரு தடவை நிற்க ஆரம்பித்தது. இந்தத் தடவை நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. இடம் சரி, சுவரில் ஈரம் இல்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தால், அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற சின்ன மிதவை, வெள்ளையாக உப்புப் பூத்து, கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். பீரோக் கண்ணாடியிலும் அவள் தலையணை உறையிலும் சில நாளாக வெள்ளைத் தூள் படிந்ததற்கும் அதுதான் காரணம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊறவிட்டதும் உப்பு நுரைத்துக் கரைந்தது. மிதவை லேசாகி மேலே வந்தது. அதன் பிறகு குற்றாலம் வண்டி டிரைவர் ஒருவரிடம் சொல்லிவைத்தேன். அவர் கோடையில் நூலாக இறங்குகிற அருவித் தண்ணீரைக் கேனில் பிடித்து இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுவந்து என் கூண்டில் இறக்கிவிடுவார். "அருவியில குளிக்க எங்கெங்க இருந்தோ வருதான். உங்க வீட்ல அருவிய மூச்சுலயே இழுக்காவ" என்பார்.

ஆனியில் சாரல் இறங்கியது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் மேற்கே மலை இல்லை, மேகம்தான் இருந்தது. அன்று பனிப்பெட்டி ஓடவே மறுத்தது. மதினி குமிழை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"தம்பி, செத்துப்போச்சு போலிருக்கு."

"சாகல மதினி. அதுக்கு வேலையில்ல."

ஜன்னல் இரண்டையும் முழுக்கத் திறந்தேன். சாரல் காற்று உள்ளே வந்து காலண்டர் தாள்களைப் புரட்டியது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். அருவியில் அவள் நிற்க முடியாது. குழாய்க்குள் தண்ணீர் போனால் அவ்வளவுதான். மெல்லிய துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அருவிக்கு எட்டத்தில், பாறைத் திட்டு ஒன்றில் உட்கார்ந்தோம். கேரளாவிலிருந்து வந்த ஒரு அம்மா அவள் கழுத்தையே பார்த்துவிட்டு "எந்தா இது மோளே?" என்று கேட்டாள். என் மனைவி சிரித்துக் கையை விரித்தாள். அந்த அம்மா அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். காற்று அருவித் தூவலை எங்கள் பக்கம் கொண்டுவந்துகொண்டே இருந்தது. அவள் குழாயில் சத்தமே இல்லை. என் தோளில் சாய்ந்து, அத்தனை கூட்டத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவில், தூங்கிவிட்டாள்.

எனக்குத் திடீரென்று பசித்தது. வயிற்றைக் கிள்ளுகிற பசி. தை மாசத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்ட நினைவு இல்லை. பக்கத்தில் ஒருவன் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேந்திரங்காய்ச் சிப்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். அவளை அசைக்காமல் கையை நீட்டி ஒரு பொட்டலம் வாங்கி, சூடு ஆறுவதற்குள் முழுக்கத் தின்றேன். இன்னொன்று வாங்கினேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பசித்தது, அவ்வளவுதான்.

ஆவணியில் மதுரைக்குப் போனோம். டாக்டர் கண்ணாடி வைத்துத் தொண்டைக்குள் பார்த்தார். ஒரு பக்கம் அசைகிறது என்றார். இன்னொரு பக்கமும் லேசாக. பிறகு அவளிடம், குழாயை விரலால் மூடிக்கொண்டு ஏதாவது பேசச் சொன்னார். அவள் விரலை வைத்தாள். என்ன பேசுவதென்று யோசித்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தாள்.

"காப்பி குடிச்சியளா?"

கரகரப்பான, அகலமான குரல். அவளுடைய பழைய குரல் இல்லை. டாக்டர் சிரித்தார். நான் "ம்" என்றேன்.

சில நாள் ஆஸ்பத்திரியில் தங்க வைத்து, குழாயைத் தக்கையால் அடைத்துப் பார்த்து, மூச்சு முட்டவில்லை என்று நிச்சயமானதும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக பஸ் ஏறினோம். ஏறியதிலிருந்து அவள் பேசினாள். பக்கத்துப் படுக்கைக்காரியின் மருமகளைப் பற்றி, மதினி ஊறுகாய் போட்டாளா இல்லையா என்று, நர்ஸ் போட்ட ஊசியைப் பற்றி. குரல் நடுவில் உடையும். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன். டிக்கெட் கேட்டுவந்த கண்டக்டரிடமும் அவளேதான் "ரெண்டு தென்காசி" என்றாள்.

சிவகிரி தாண்டிய பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் பாட்டுக்குப் பேசிட்டே வாரேன். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியளே?"

சொல்ல வாயெடுத்தேன். மைக்கில் ஊர்ப் பெயர் சொல்கிற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, திரும்பாமலே கேட்டாள்.

"திங்கக்கிழமையில இருந்து பால்வாடிக்குப் போகட்டா?"

"போ" என்றேன்.

"பிள்ளைகள்லாம் என் குரலக் கேட்டுப் பயந்துறாதா?"

"பயந்தா பயந்துட்டுப் போகட்டும். நீ போ."

அவள் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, மதினியின் ஊறுகாயில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.